தூக்காமல் விட்ட தட்டு

தங்கச்சி வீட்டுப் படலையைத் தாண்டியதும் வேகமாக நடக்கத் தொடங்கியது என் பிழை. கோபத்தில் எழும்பிப் போகிறவன் வேகமாகத்தான் நடப்பான். என் கால்களுக்கு அந்த வசதி கிடையாது. நாலு வீட்டு வளவு கடப்பதற்குள் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாக இறுகிவிட்டன. வாய்க்கால் மதகில் போய்க் குந்தினேன். அங்கிருந்து பார்க்க, தங்கச்சி வீட்டு முற்றமும், வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த சிவப்புக் கதிரைகளும் தெரிந்தன. அண்ணன் படலைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோசத்தோடு வெளிக்கிட்டவன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் குந்தியிருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

பையிலிருந்து டொபி ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கால் கொஞ்சம் விட்டதும், செத்த வீட்டுக்குப் போகிறவனைப் போல மெதுவாக எழும்பி நடந்தேன். கரடியனாற்றிலிருந்து செங்கலடி வரைக்கும் நேர் றோட்டு. பஸ் வரும். ஆனால் பஸ்ஸுக்கு நிற்பதென்றால் அந்த வீட்டுக்கு எதிரேதான் நிற்க வேண்டும். நடந்தேன்.

கொஞ்சத் தூரம் அப்படி ஊர்ந்தால் என் உடம்பு இளகும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முதலில் காலில் ஈயம் ஊற்றியது போல இருக்கும், நெஞ்சு படபடக்கும். பொறுத்து, அவசரப்படாமல் போனால், ஏதோ ஒரு இடத்தில் யாரோ சுமையை இறக்கி வைத்தது போல ஒரு லேசு வரும். அதற்குப் பிறகு நாள் முழுக்க நடப்பேன். இடம்பெயர்ந்த காலத்தில் எல்லாரும் ஓடினார்கள், நான் ஓடவில்லை, ஏலாது. பின்னால் தனியாக வந்தேன். பொழுதுபட, ஓடினவர்கள் எல்லாரும் றோட்டோரத்தில் விழுந்து கிடந்தார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஓடாததைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பஞ்சிக்காரன், அதாவது சோம்பேறி, என்று பெயர். விளையாட்டுப் பாடத்துக்கு மைதானத்தை ஓடிச் சுற்றச் சொல்வார்கள். முதல் வளைவிலேயே நான் நின்றுவிடுவேன். வாத்தியார் பூவரசங் கம்பால் அடிப்பார். அடி வாங்குவது ஓடுவதைவிட லேசு என்று எனக்குப் பட்டது. எட்டாம் வகுப்போடு போவதை நிறுத்திவிட்டேன். எழுத்து வாசிப்பைப் பிறகு சாப்பாட்டுக் கடைகளில் கிடக்கும் பழைய பேப்பர்களில் படித்துப் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் போகாதவனை அப்பா வயலுக்குக் கூட்டிப் போனார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் குத்தகைக் காணி இருந்தது. அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டிக் களவெட்டிக்குச் சுமக்க வேண்டும். சூடடித்து நெல்லெடுக்கிற அந்த இடத்துக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே நின்று "இல்லை" என்று சொல்லக்கூடாது, "ஏலாது" என்று சொல்லக்கூடாது, "முடிஞ்சி" என்று சொல்லக்கூடாது. சொன்னால் பொலி குறைந்துவிடும், பூதம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். எனக்கு முதல் கட்டிலேயே தோள் இறுகி, கை விரிக்க முடியாமல் போனது. அப்பாவைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பின்னேரம் வரைக்கும் சுமந்தேன். அடுத்த நாள் சிறுநீர் கடுஞ்சாயப் பிளேன்டீயைப் போல வந்தது. உடம்புச் சூடு என்று அம்மா இளநீர் தந்தா. அந்த வருடம் பொலி குறையவில்லை. நான் நாலு நாள் பாயில் கிடந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாத வேலை இல்லை, நின்ற வேலையும் இல்லை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றில் வலை வீசப் போனேன். முதல் வீச்சிலேயே கை பிடித்துக்கொள்ளும். அது இளகும்வரை மீன் காத்திருக்காது. மேசன்மாருக்குக் கல் எடுத்துக் கொடுத்தேன். வாகரைப் பக்கம் சேனையில் காடு வெட்டினேன். ஒவ்வோர் இடத்திலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் போகச் சொல்வதற்கு முன் நானே போய்விடப் பழகினேன்.

கடைசியில் வாழைச்சேனையில் மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தேன். அன்றும் சிறுநீர் கறுப்பாக வந்தது. இந்த முறை நின்றே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் அடைபட்டிருக்கிறது என்றார்கள். ஒரு இளம் டொக்டர், எங்கள் பக்கத்துப் பெண், என் கதையைக் கட்டிலில் குந்தியிருந்து கேட்டா. தொடையில் ஒரு துண்டுச் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினா. பதில் வந்த அன்று அவ சொன்னது எனக்கு அப்படியே நிற்கிறது.

"நீங்க தின்னுற சோறு, சீனி எல்லாத்தையும் உங்கட உடம்பு ஒழுங்காச் சேர்த்து வைக்குது. தசைக்குள்ள நிறையக் கிடக்கு. ஆனா அவசரத்துக்கு அத உடைச்சி எடுக்கிற சாமான் உங்களுக்குப் பிறப்பிலேயே இல்ல. மெதுவாத் தொடங்கினா, ரத்தத்தில ஓடுற சீனியையும் கொழுப்பையும் எடுத்துத் தசை சமாளிக்கும். அதுதான் பிறகு லேசாகுது. பாரம் தூக்காதீங்க. வேலைக்கு முதல் கொஞ்சம் இனிப்புச் சாப்பிடுங்க."

"அப்ப இது பஞ்சி இல்லயா?" என்று கேட்டேன்.

"இல்ல. கிளைக்கோஜன் சேமிப்பு நோய் எண்டு சொல்லுவம். அதில ஒரு வகை."

அந்த வகைக்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயர். எனக்கு வாயில் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் பழுதாக வந்தால்தான் வருத்தம் வரும் என்றா. ஒன்று மட்டும் பழுது என்றால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது, அவர் அறியாமலே பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். அண்ணனிலும் தங்கச்சியிலும் அந்த ஒன்று இருக்கக்கூடும் என்றும் சொன்னா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அப்போது அண்ணன் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு கலியாணம் வரும் என்று நினைக்கவில்லை.

அண்ணனின் மகன் கட்டாரில் மின்சார வேலை செய்கிறான். தங்கச்சியின் மகள் வந்தாறுமூலையில், கம்பஸில் படிக்கிறாள். மாமன் மகனும் மாமி மகளும். சின்னதிலிருந்து ஒருவருக்கொருவர் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களுக்கும் விருப்பம். பேச்சை முடிக்க நாள் குறித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்ணின் தாய்மாமன்தான் வெற்றிலைத் தட்டைத் தூக்கி மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்க வேண்டும். அண்ணன் மாப்பிள்ளையின் தகப்பன், இரண்டு பக்கமும் அவர் நிற்க முடியாது. மிச்சம் இருக்கிற மாமன் நான் மட்டும். அதனால்தான் என்னைத் தேடிப் பிடித்தார்கள்.

காலையில் போய் இறங்கியதும் மச்சாள், அண்ணனின் மனைவி, எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தந்தா. எனக்குச் சீனி வருத்தம் என்றுதான் அவவுக்குத் தெரியும். இரண்டு கரண்டி போட்டுத் தாங்க என்றேன். "சாகப்போறீங்களா?" என்று கேட்டா. பாசத்தில்தான் கேட்டா.

சபை கூடியது. தட்டு என் முன்னால் இருந்தது. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள்.

"தம்பி, தட்டை எடு. நேரம் போகுது" என்றார் அண்ணன்.

"அண்ணன், ஒரு கதை இரிக்கி."

"எடுத்துக் குடுத்திட்டுக் கதை."

"புள்ளக்கு ஒருக்கா ரத்தம் பார்த்திட்டு முடிப்பம். அவளில அது இரிந்தா பொடியனுக்கும் பார்ப்பம். எண்ட வருத்தம் ரெண்டு பக்கத்தாலயும் வாறது."

அண்ணன் சிரித்தார். கோபம் வருவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

"உண்ட வருத்தம் அம்மாட குடியால வந்தது. குடி தாயோட போகும், தகப்பனோட போகாது. நான் ஆம்பிள, என்னோட அது நிண்டிட்டு. எண்ட மகன் அவன்ட தாய்ட குடி. அவங்கட குடியில ஆருக்காவது கால் இழுத்ததாடா?"

எங்கள் பக்கத்தில் குடி என்றால் வம்சம், அது தாய்வழி. ஒரே குடிக்குள் கலியாணம் கட்டமாட்டார்கள், அது உடன்பிறந்தவளைக் கட்டுவது போல. குடி வேறு என்றால் இரத்தமும் வேறு, அதோடு கணக்கு முடிந்தது. எத்தனையோ தலைமுறையாக அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கலியாணம் செய்திருக்கிறோம். எங்கள் அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள்தான், குடி வேறுதான். அப்படியிருந்தும் நான் பிறந்தேன். இதைச் சொன்னேன். அப்பாவின் பக்கத்தாலும் வராவிட்டால் எனக்கு வந்திருக்காது என்றேன்.

"செத்த மனிசனயும் விடமாட்டாய் என்ன?" என்றார் அண்ணன். "வெத்திலத் தட்டுத் தூக்கவும் ஏலாதாடா உனக்கு? நெல்லு மூட இல்லயே!"

"ஒரு டொபி குடுங்க, தூக்குவார்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சபை சிரித்தது. சிரிக்காமல் இருந்தது தங்கச்சி மட்டும். அவ என்னைப் பார்த்து, "அண்ணன், இண்டைக்கெண்டாலும் இத விட்டிரிக்கலாம்" என்றா. அந்தச் சொல்லுக்குத்தான் எழும்பினேன். சிரிப்பு எனக்குப் பழக்கம்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வட்டையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன். ஒட்டுத்தாளில் மாடுகள் மேய்ந்தன. வெயில் இறங்கியிருந்தது. உடம்பும் இளகியிருந்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது.

"மாமா! நில்லுங்க!"

மருமகள். கலியாணப் பேச்சுக்குக் கட்டின சீலையோடு, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"நிக்க ஏலா புள்ள. இப்பதான் கால் இளகினது. நிண்டா மறுகா முதல்ல இரிந்து தொடங்கணும். நீ பக்கத்தில மெல்ல ஓட்டி வா."

நடக்கிறவனோடு சேர்ந்து ஸ்கூட்டி ஓட்டுவது லேசில்லை. அது இங்கும் அங்கும் ஆடியது. ஒரு காலை நிலத்தில் ஊன்றி ஊன்றி வந்தாள். அந்த ஆட்டத்திலும் ஏசினாள்.

"எண்ட கலியாணம் உங்களுக்குப் பிடிக்கல்லயா?"

"பிடிக்கும்."

"அப்ப ஏன் சபையில வச்சிச் சொன்னீங்க? முதல்லயே எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே. எனக்கு வாட்ஸ்அப் இரிக்கி."

"எனக்கு இல்லயே."

சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு எஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தாள். சீலைக்கரை புழுதியில் இழுபட்டது.

"பெரியமாமா கோவிச்சிட்டுப் போயிட்டார்" என்றாள். "சாப்பிட்டிட்டுத்தான் போனார். ரெண்டாந்தரம் சோறும் கேட்டு வாங்கினார்."

"தட்டு?"

"அது அங்கதான் கிடக்கு. அம்மா ஒரு துணியால மூடி வச்சிரிக்கிறா."

டொக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி முழுதும் சொன்னேன். அவள் குறுக்கே கேள்வி கேட்டாள். சிலதுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கைபேசியில் தேடிப் பார்த்தாள், இன்டர்நெட் கிடைக்கவில்லை. அப்போதுதான் அதைக் கேட்டாள்.

"உங்களப் போல ஒரு புள்ள பிறந்தாத்தான் என்ன மாமா? நீங்க செத்தா போயிட்டீங்க?"

சபையில் என் வருத்தத்தைப் பற்றிப் பேசும்போது, பிறக்கக்கூடாத ஒருவனைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசியிருக்கிறேன். அந்த ஆள் நான் என்பது அவள் கேட்டபோதுதான் உறைத்தது.

"சாகல்ல" என்றேன். "ஒரு இடத்திலயும் நிக்கயும் இல்ல."

"அது வருத்தத்தாலயா, உங்கட குணத்தாலயா?"

"எனக்கே தெரியா, மகள்."

"அவன வேணாமெண்டு சொல்ல எனக்கு ஏலா. சொல்லவும் மாட்டன்." என்றாள். "ஆனா எனக்குத் தெரிய வேணும். நாளைக்கு எண்ட புள்ள ஓடாம நிண்டா, ஆராவது அடிச்சா, பஞ்சி பிடிச்ச மாடு எண்டு நானும் சேர்ந்து ஏசிப்போடுவன் மாமா. தெரியாட்டி நானும் ஏசுவன். அம்மம்மாவும் உங்கள ஏசித்தானே இரிந்திரிக்கிறா."

ஏசியிருக்கிறா. அம்மாவைப் பற்றி அப்படி நான் நினைத்துப் பார்த்ததில்லை. இளநீர் தந்த கையையும் ஏசின வாயையும் வேறு வேறாக வைத்திருந்தேன்.

"முதல்ல எண்ட ரத்தம் வேணுமாம்" என்றேன். "எனக்குள்ள எந்த இடத்தில பழுது எண்டு கண்டுபிடிச்சாத்தான் உனக்குள்ள அதத் தேடலாமாம். எங்கேயோ தூரத்துக்கு அனுப்பித்தான் பார்க்கிறதாம். முடிவு வரக் கன நாளாகும். இடையில மறுகாலும் கூப்பிடுவாங்களாம்."

"என்னில இல்ல எண்டு வந்தா?"

"அவனுக்குப் பார்க்கத் தேவையில்ல. உங்கட புள்ளைக்கு எண்ட வருத்தம் வராது."

"இரிக்கி எண்டு வந்தா?"

"அவனுக்கும் பார்க்கிற. ரெண்டு பேரிலயும் இரிந்தாலும் பிறக்கிற எல்லாப் புள்ளைக்கும் வரும் எண்டில்ல. வரலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கணக்குப் போடுகிறாளா, அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாளா தெரியவில்லை.

"அப்ப நீங்க இஞ்சதான் நிக்கணும்."

"ஓம்."

"நிப்பீங்களா?"

"நிப்பன்."

"போன முறையும் அம்மாக்கு அப்பிடித்தான் சொன்னீங்களாம். கடைக்குப் போயிட்டு வாறன் எண்டு போனவர், ரெண்டு வருசத்தால வாகரையில இரிந்து ஆள்விட்டுச் சொல்லியனுப்பினீங்களாம்."

அது உண்மை. என் கைபேசியை வாங்கி நம்பரைத் தன்னுடையதில் போட்டாள். அங்கேயே ஒரு தரம் அடித்துப் பார்த்தாள், அவள் கையிலிருந்த என் கைபேசி கரகரத்தது. "இந்த நம்பர மாத்தினீங்க, கொலை விழும்" என்று திருப்பித் தந்தாள். "ஆஸ்பத்திரியில நாள் கேட்டிட்டு எடுக்கிறன். முடிவு எப்பிடி வந்தாலும் நீங்கதான் வந்து தட்டுத் தூக்கணும். பெரியமாமாவ நான் பார்த்துக்கிறன்."

"அதுக்குள்ள வெத்தில வாடிரும்."

"வேற வெத்தில இல்லயா ஊரில?"

இருட்ட முன் போய்ச் சேர வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். ஏறி உட்காருங்கள், செங்கலடியில் விடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கால் நன்றாக இளகியிருந்தது, அதை வீணாக்க மனமில்லை. ஸ்கூட்டி போன பிறகுதான் களைப்புத் தெரிந்தது. அது கால் களைப்பில்லை. இனிமேல் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்ற நினைப்பே பாரம் தூக்கினது போல இருந்தது. வழியில் கொழும்புப் பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பான். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செங்கலடியில் தெரிந்த ஒருவரின் சைக்கிள் கடையில் படுத்தேன். விடிந்ததும் வந்தாறுமூலைப் பக்கம் நடந்தேன். றோட்டோரத்தில் ஒரு அரிசி மில். அவித்த நெல்லைச் சீமெந்துத் தரையில் கொட்டியிருந்தார்கள், ஆவி போய்க்கொண்டிருந்தது. வெயிலேற ஏற அந்த நெல்லைக் காலால் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். நாள் முழுக்க அதற்குள்ளே நடக்கிற வேலை. முதலாளி வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறதா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட தூக்குவியா?"

"ஏலா."

வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "நெல்லு வேலைக்கு வந்து விடியச் சாமத்தில ஏலா எண்டு சொல்லுறாய்."

"தூக்க ஏலா முதலாளி. கிளறுவன். பொழுதுபட மட்டும் நிக்காம நடப்பன். தொடங்கக்குள்ள மட்டும் மெல்லத்தான் நடப்பன், அப்ப ஏசக்கூடா."

நெல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் வந்து தரையோரத்தில் இருந்தது.

"எவ்வளவு காலம் நிப்பாய்? ரெண்டு நாளில ஓடுற ஆக்கள் எனக்கு வேணாம்."

"கன நாள் நிக்க வேண்டியிரிக்கி. இடையில ஆஸ்பத்திரிக்குப் போக விடணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பிரஷ் பிடித்த கையாலேயே தரையைக் காட்டினார்.

செருப்பைக் கழற்றி வைத்தேன். டொபி ஒன்றை வாயில் போட்டேன். நெல் இன்னும் சூடாக இருந்தது. முதல் சில சுற்றுக்குக் கால் இறுகியது. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார், ஏசவில்லை. காலை இழுத்து இழுத்து, தரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நெல்லைப் பிளந்துகொண்டு போனேன், திரும்பி வந்தேன்.